நிலத்துக்குக் கீழே ஒரு தும்மல்

1

போன கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு நீள உறைக் கடிதம் வந்தது. நீள உறையில் வருகிற கடிதமெல்லாம் என்னைத் திருப்பி அனுப்பத்தான் வருகிறது என்று நம்புகிறவன் நான். கனடியக் குடியுரிமை எடுத்து மூன்று வருடமாகியும் அந்த நம்பிக்கை அசையவில்லை. ஆகவே வழமைபோல அதைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, பாண் வைக்கிற தகரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். கடிதத்தை ஒளித்தால் சட்டம் செல்லாது என்று எனக்கொரு எண்ணம். மூன்றாம் நாள் காலை மனைவி பாண் எடுக்கப்போய்க் கண்டுபிடித்தாள்.

"இஞ்சருங்கோ, இது எப்ப வந்தது?"

"எது?"

"என்ரை பேருக்கு வந்திருக்கிற கடிதம்."

"உம்மடை பேருக்கோ? அப்ப பயமில்லை, உடையும்."

நின்றபடி வாசித்தாள். பிறகு கதிரையில் இருந்து இன்னொருதரம் வாசித்தாள்.

"பரிசு தருகினமாம்."

"ஆருக்கு?"

"எனக்கு."

"ஏன்?"

பதினொரு வருடக் கலியாணத்தில் நான் கேட்ட மோசமான கேள்வி அதுதான். அவள் கோபிக்கவில்லை. கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டுப் பாணுக்குப் பட்டர் பூசினாள்.

இந்த நாட்டுப் பௌதிகவியலாளர்கள் வருடத்துக்கு ஒருவரைத் தெரிந்து கொடுக்கிற பரிசு. இந்த முறை அளவெட்டிப் புகையிலைத் தோட்டக்காரரின் மகள் யோகேஸ்வரிக்கு. நியூத்திரினோ ஆராய்ச்சியில் அவள் செய்த வேலைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வசனம் போட்டிருந்தார்கள்: ஒரே ஒரு கண்ணாடித் தட்டைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை நேர்மையான அளவீட்டுக்கு ஓர் உதாரணம்.

நான் கடிதத்தை மெல்ல மடித்தேன். அந்தத் தட்டு எனக்கு நல்ல பழக்கம். அதைக் கெடுத்தவன் நான்.

2

நியூத்திரினோ என்றால் என்ன என்று கேட்பீர்கள். நானும் எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விளங்கிய மட்டும் சொல்கிறேன். பிழை கண்டால் அவளுக்கு எழுதுங்கள், எனக்கு வேண்டாம்.

சூரியனின் வயிற்றிலிருந்து ஒரு பொடியிலும் பொடியான துகள் புறப்படுகிறது. எட்டு நிமிடத்தில் பூமிக்கு வருகிறது. வந்தாலும் நிற்பதில்லை. கூரையால் நுழைந்து, உங்களுக்குள்ளால், நீங்கள் இருக்கிற கதிரையால், நிலத்தால் போய் மறுபக்கத்தால் வெளியேறிவிடுகிறது. இந்தப் பந்தியை வாசிப்பதற்குள் கோடானுகோடி உங்களுக்குள்ளால் போய்விட்டன. ஒன்றுகூட முட்டவில்லை.

"ஆனையிறவுச் சோதனைச்சாவடியாலை அடையாள அட்டை காட்டாமல், பையை அவிழ்க்காமல், பஸ்ஸாலை இறங்காமல் போற ஒரே ஆள் உதுதான்" என்று நான் ஒருமுறை சொன்னேன். யோகேஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு கூட்டத்தில் அதையே இங்கிலீசில் சொல்லிப் பார்த்தாளாம். ஒருவரும் சிரிக்கவில்லையாம். ஒருவர் குறிப்பெடுத்தாராம்.

அதைப் பிடிக்க வேண்டுமென்றால் வேறொன்றும் வராத இடத்துக்குப் போக வேண்டும். வானத்திலிருந்து வேறு துகள்களும் மழைபோலக் கொட்டுகின்றன. அவற்றைப் பாறைதான் மறிக்கும். ஆகவே வட ஒன்ராறியோவில் ஒரு நிக்கல் சுரங்கத்தின் அடியில், இரண்டு கிலோமீற்றர் ஆழத்தில், பத்துமாடி உயரத்துக்கு ஒரு குழி குடைந்திருக்கிறார்கள். அதற்குள் பெரியதொரு பளிங்குப் பாத்திரம் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். அதில் நீர் நிரப்பிக் காத்திருந்தால் ஒரு நாளைக்கு ஒரு சில நியூத்திரினோ ஒரு சின்ன மினுக்கம் காட்டிவிட்டுப் போகுமாம்.

இந்தக் காத்திருப்புக்குப் பெரிய எதிரி தூசி. சாதாரணத் தூசியிலும் மருந்துக்கு ஏதோ கதிர்வீசும் சாமான் இருக்கிறது, அதுவும் மினுங்கும். எது சூரியன், எது ஊத்தை என்று தெரியாமற் போகும். அங்கேதான் யோகேசின் வேலை. கீழே அங்குமிங்கும் சின்னக் கண்ணாடித் தட்டுகளை வைப்பாள். எத்தனை பேர் எத்தனை மணித்தியாலம் நின்றால் எந்தத் தட்டில் எவ்வளவு தூசி விழும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு ஒரு கோடு கீறுவாள். பிறகு தட்டை எடுத்து அளந்தால் அந்தக் கோட்டில் வந்து நிற்கும். நாலு வருட உழைப்பு அந்தக் கோடு. அதை நம்பித்தான் மற்றவர்கள் பாத்திரத்தைப் பொருத்துகிறார்கள். கோடு பிழை என்றால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதுதான்.

"உங்கள் மகள் கலாநிதிப் பட்டம் எடுத்துவிட்டுத் தூசி துடைக்கிறா" என்று மாமிக்கு எழுதினேன். மாமி பதில் போட்டார்: "அதை இங்கேயே செய்திருக்கலாமே, தம்பி. வேண்டிய அளவு கிடக்கு."

நானோ பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். ஊரில் சைக்கிளுக்கு மேலே எதுவும் ஓட்டி அறியாதவன், பனியில் நாற்பது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் உயிரைக் கையில் வைத்திருக்கிறேன். பெற்றோர்களுக்கு இது தெரியாது. தயவுசெய்து எழுதிவிட வேண்டாம்.

3

எண்பத்துமூன்றில் நான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் மின்பகுதியில் வேலைசெய்தேன். யோகேஸ் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவளுடைய தகப்பனுடையது. ஊரிலே ஈயம் பற்றவைக்கிற கோல் என்னிடந்தான் இருந்தது. ஒருநாள் வேலிக்கு மேலால் ஒரு கேள்வி வந்தது.

"அண்ணை, உங்கடை கோலை ஒருக்காத் தருவீங்களோ?"

"தரலாம். என்னத்துக்கு?"

"ஒரு எண்ணி செய்யிறன். கிணத்துக்குள்ளை இறக்க."

கிணற்றில் மீனை எண்ணப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. வானத்திலிருந்து கொட்டுகிற துகள்கள் தண்ணீருக்குள்ளே போகப்போக எவ்வளவு குறைகின்றன என்று பார்க்கப் போகிறாளாம். துகள் பட்டால் 'டிக்' என்று சத்தம் போடுகிற ஒரு கைகர் குழாயைப் பிளாஸ்ரிக் பைப்புக்குள் வைத்து, இரண்டு பக்கமும் மெழுகால் அடைத்து, சைக்கிள் ரியூப் றப்பரால் வரிந்து கட்டியிருந்தாள். தகப்பன் கிணற்றுக்கட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உந்தத் தண்ணியைத்தான் நாங்கள் குடிக்கிறம். ஞாபகத்திலை வைச்சிரு."

"இது ஒண்டும் செய்யாது, அப்பா. காது மாதிரி. கேக்கும், அவ்வளவுதான்."

ஒவ்வொரு ஆழத்திலும் எட்டுத் தரம், தரத்துக்கு ஐந்து நிமிடம் 'டிக், டிக்' சத்தத்தை எண்ண வேண்டும். கயிற்றை அவள் பிடித்தாள். காதில் மாட்டி எண்ணுகிற வேலை எனக்கு. பிள்ளை கயிற்றைப் பிடிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே எண்ணினால் எண்ணிக்கை எங்கே நிற்கும்? ஐந்தாம் தரம் தவறவிட்டேன். திரும்ப எண்ணுவோமென்று சொல்ல வெட்கம். பயத்தில் ஒரு எண்ணை எழுதினேன். பிறகு வந்தவற்றையும் அதற்குப் பொருத்தமாக எழுதினேன்: அறுபது, ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று.

அடுத்தநாள் கொப்பியோடு வேலியடிக்கு வந்தாள்.

"அண்ணை, இதிலையிருந்து நீங்கள் எண்ணேல்லை."

"ஏன் அப்பிடிச் சொல்லுறீர்?"

"மெத்தச் சரியாய் இருக்கு. வானத்திலையிருந்து வாறது சங்கக்கடை வரிசையிலை நிண்டு வாறேல்லை. ஒருக்கா ஐம்பது வரும், ஒருக்கா எழுபது வரும். பொய்தான் உப்பிடி அழகாய் வரும்."

பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. அவள் வெட்டவில்லை, கிழிக்கவில்லை. நான் எழுதிய நாலு எண்களையும் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "எண்ணப்படவில்லை" என்று எழுதினாள். "பின்னேரம் வாங்கோ, திரும்ப எண்ணுவம்" என்றாள். அன்று பின்னேரம் நான் கிணற்றைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அவளைக் கட்டினால் ஆயுளுக்கும் பொய் சொல்ல ஏலாது என்று விளங்கிவிட்டது. விளங்கியும் கட்டினேன்.

4

எண்பத்துநாலில் கலியாணம். அளவெட்டிக் கலியாணம் என்றபடியால் மேளத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊரில் நாயனக்காரர் ஒரு சுரம் தவறவிட்டால் சமையற்காரனே அகப்பையை வைத்துவிட்டு எழும்பி வருவான். இரண்டு மாதத்தில் புலமைப்பரிசில் கிடைத்து யோகேஸ் கனடாவுக்குப் பறந்துவிட்டாள்.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். நானும் போனேன். பெண்தான் இல்லை. மூன்று வருடம் மாமனார் மாமியாருடன் பெண் இல்லாத பெண் வீட்டில் குடும்பம் நடத்தினேன். இந்தச் சாதனைக்கு இன்னும் ஒருவரும் பரிசு தரவில்லை.

அந்த வருடங்களில்தான் வளவுக்குள் பங்கர் வெட்டினோம். ஆறடி ஆழம், மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. வானத்தில் இரைச்சல் கேட்டதும் எல்லாரையும் முந்திக்கொண்டு இறங்குகிறவன் நான். ஆனால் மாமி வாசலில் மறித்துக்கொண்டு நிற்பார். கையில் திருநீற்றுக் குட்டான்.

"நில்லுங்கோ, தம்பி. பூசிப்போட்டு இறங்குங்கோ."

"மாமி, குண்டு விழப்போகுது!"

"அது விழுற நேரம் விழட்டும். நெத்தியைக் காட்டுங்கோ."

நெற்றியில் மூன்று விரல் இழுத்தபிறகுதான் வழி விடுவார். நூறுமுறையாவது நடந்திருக்கும். மண்ணுக்குக் கீழே போவதென்றால் நெற்றியில் திருநீறு என்பது எனக்குள் ஊறிவிட்டது. அதில் பக்தி எவ்வளவு என்று தெரியாது. பயம் நிறைய.

எண்பத்தேழில் கொழும்பில் விசா நேர்முகம். அதிகாரி கேட்டார், மனைவி அங்கே என்ன செய்கிறார் என்று. பயத்தில் இங்கிலீசு முழுவதும் ஆவியாகிவிட்டது. மிச்சமிருந்த சொற்களை வைத்து, என் மனைவி நிலத்துக்குக் கீழே பிடிபடாத ஆட்களைப் பிடிக்கிற வேலைக்குப் படிக்கிறா என்றேன். அந்த மனிதர் பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் விசா முத்திரையைக் குத்திவிட்டார். இவள் யாரோ பெரிய உளவுக்காரி என்று நினைத்திருக்க வேண்டும்.

5

இந்த வருடம் கோடை தொடங்க, கீழே வேலைசெய்கிறவர்களின் குடும்பத்துக்கு ஒருநாள் ஒதுக்கினார்கள். ஏழு வயது மகள் ஆரணிக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் நான் மட்டும் போனேன்.

யோகேஸ் முதல்நாளே எனக்கு வகுப்பெடுத்தாள். மேலே உடுத்த உடுப்போடு கீழே போகலாம். ஆனால் ஆய்வுகூட வாசலில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தலை முழுகி, அவர்கள் தருகிற வெள்ளை உடுப்பும் தலைவலையும் போட வேண்டும். மோதிரம், மணிக்கூடு, பேர்ஸ் ஒன்றும் உள்ளே வரக்கூடாது. மூக்குக்கண்ணாடியைக் கழுவிக் கொண்டுவரலாம்.

"விளங்கிச்சுதோ?"

"விளங்கிச்சுது. பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புற மாதிரி."

"பகிடி விடாதையுங்கோ. நான்தான் உங்களுக்குப் பொறுப்பு. கையெழுத்து வைச்சிருக்கிறன்."

சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூட்டுக்குள் நாற்பது பேரை நெருக்கி நிறுத்தினார்கள். கதவு அடைத்தது. கூடு விழுந்தது. இறங்கியது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அது விழுந்தது. காது அடைத்தது. இருட்டில் பாறை ஓடியது. பங்கர் ஆறடி, இது ஆறாயிரம் அடிக்கும் மேலே. என் கை தானாகவே சட்டைப்பைக்குப் போயிற்று. அங்கே மூக்குக்கண்ணாடிக் கூடு. அதற்குள், பழைய பத்திரிகைத் தாளில் மடித்து, மாமி வசந்தத்தில் ஆளிடம் கொடுத்தனுப்பிய திருநீற்றில் ஒரு சின்னச் சரை. சும்மா இருக்கட்டும் என்று வைத்ததுதான். வாசலில் கொடுத்துவிட்டுப் போவதாக எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கொண்டேன்.

குளித்தேன். கண்ணாடியைக் கழுவினேன். வெள்ளை உடுப்பு மாட்டினேன். உடுப்பறையில் ஒருவரும் இல்லை. மேலே இரண்டு கிலோமீற்றர் மலை. பாருங்கோ, நான் யோசித்துச் செய்யவில்லை. மாமி வாசலில் நிற்கிறமாதிரி இருந்தது. சரையை விரித்தேன், ஒரு கிள்ளு எடுத்தேன், தலைவலைக்கு உள்ளே நெற்றியில் இழுத்தேன். நெஞ்சு உடனே அமர்ந்தது. சரையைக் கண்ணாடிக் கூட்டோடு வெளியே வைத்துவிட்டு உத்தமன்போல உள்ளே போனேன்.

யோகேஸ் அந்தப் பெரிய குழியைக் காட்டினாள். கோயிற் கோபுரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் புதைத்ததுபோல இருந்தது. குனிந்து எட்டிப் பார்த்தேன். குனிந்ததும் வலைக்குள்ளிருந்து ஏதோ மூக்கில் இறங்கியது. அப்போது தும்மினேன். சாதாரணத் தும்மல் இல்லை. எங்கள் பரம்பரைத் தும்மல். வலை நெற்றிக்கு மேலே ஏறிவிட்டது. நுண்ணிய வெள்ளைப் புகை ஒன்று விளக்கு வெளிச்சத்தில் மிதந்துபோய், இரண்டடி தள்ளியிருந்த ஒரு கண்ணாடித் தட்டின் பக்கம் மெல்ல இறங்குவதைக் கண்டேன்.

யோகேஸ் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். "தடிமனோ?" என்றாள் திரும்பாமல்.

"ஓம்" என்றேன்.

6

மூன்று கிழமை கழித்து ஒருநாள், வேலையால் வந்தவள் சப்பாத்தையும் கழற்றாமல் குசினியில் இருந்தாள்.

"ஒரு தட்டு கோட்டிலை நிக்கேல்லை."

"எவ்வளவு தள்ளி?"

"எக்கச்சக்கம். மற்றத் தட்டெல்லாம் சரி. இது மட்டும்."

"பாறைத் தூசியாயிருக்கும்."

"பாறை இல்லை. சீமெந்தும் இல்லை. எரிச்ச ஏதோ ஒண்டு. சாம்பல்."

எனக்குத் தேத்தண்ணி புரையேறியது. அவள் எழும்பிவந்து முதுகில் தட்டினாள். தட்டிக்கொண்டே சொன்னாள்: பாத்திரம் பொருத்துவதை நிறுத்திவிட்டார்கள். அவளுடைய கணக்கே பிழையோ என்று பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள். ஆய்வுக் குழுவின் தலைவர் நல்ல மனிதர். ஒரு வழி சொன்னாராம். அந்தத் தட்டு உடைந்துவிட்டது என்று எழுதி விட்டுவிடச் சொன்னாராம். ஒரு தட்டுத்தானே.

"நல்ல யோசனை!" என்றேன், கொஞ்சம் கெதியாக.

"இருந்த தட்டை இல்லையெண்டு எப்பிடி எழுதுறது? ஒண்டில் என்ரை கோடு பிழை, இல்லாட்டி ஆரோ சாம்பல் கொண்டுவந்திருக்கினம். எது எண்டு தெரியாமல் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

அதன்பிறகு ஒன்பது நாள் நான் பட்டபாட்டைச் சொல்லி முடியாது. சொன்னால், அவள் பொறுப்பெடுத்துக் கூட்டிப்போன சொந்தப் புருஷனே விதியை மீறினான் என்று அவளே போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாலு வருடக் கோடு போகும். கோடை வகுப்புப் பிள்ளைகளின் பஸ்ஸை ஓட்டிக்கொண்டே யோசித்து ஒருநாள் ஒரு பிள்ளையை ஏற்றாமல் போய்விட்டேன். இன்னொருநாள் ஒரு பிள்ளையைத் தவறான பள்ளிக்கூடத்தில் இறக்கினேன். அவன் அங்கேயே மத்தியானம் மட்டும் சந்தோஷமாகப் படித்தானாம். மொட்டைக் கடிதம் எழுதினேன். என் கையெழுத்து யாருக்கும் விளங்காது என்பதால், அதாவது உலகத்தில் யோகேசுக்கு மட்டுந்தான் விளங்கும் என்பதால், கிழித்தேன். ஒருநாள் சாப்பாட்டு நேரம் மெல்ல விட்டுப் பார்த்தேன்:

"ஆராவது வந்த ஆக்கள் தும்மியிருந்தால்?"

"எந்த ஆக்கள்?"

"பொதுவாய்ச் சொன்னன். மனுசன் எண்டால் தும்முவான்தானே."

"தும்மினால் துப்பல்தான் வரும். சாம்பல் வராது."

அந்த நாட்களில்தான் ஊரிலிருந்தும் செய்தி வந்தது. ஆமி முன்னேற, எங்கள் ஊர்ப்பக்கமான வலிகாமத்தின் வடக்குப் பக்கச் சனம் மூட்டை முடிச்சோடு எழும்பிவிட்டது, அளவெட்டியும் வெறுமையாய்க் கிடக்கிறது என்று கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொன்னார். மாமாவும் மாமியும் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. யோகேஸ் தொலைபேசியை வைத்துவிட்டு வந்து திரும்பவும் தன் கணக்குத் தாளின் முன்னால் இருந்தாள். பென்சில் அசையவில்லை. அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் என் பயத்தைவிடப் பெரியது ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது என்று பட்டது.

"யோகேஸ், அது நான்."

"எது நீங்கள்?"

"சாம்பல். திருநீறு. மாமி அனுப்பினது. நெத்தியிலை பூசிக்கொண்டு வந்தனான். தும்மிப்போட்டன்."

அவள் திரும்பினாள். நான் பங்கர், மாமி, கூடு விழுந்தது, எல்லாவற்றையும் முன்பின்னாக உளறி முடித்தேன். ஏசுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"எவ்வளவு?" என்றாள்.

"என்ன எவ்வளவு?"

"எவ்வளவு பூசினீங்கள்?"

"ஒரு கிள்ளு."

"கிள்ளு எண்டால் எத்தினை மில்லிகிராம்?"

அப்போதுதான் அவளுடைய கண் கலங்கியிருப்பதைக் கண்டேன். என்மேல் கோபமா, மாமியின் நினைவா, கோடு தப்பப்போகிற சந்தோஷமா, தெரியாது. கேட்கவும் பயம். "விசர் மனுசன்" என்று மட்டும் சொன்னாள். "ஒன்பது நாளாய் என்னைக் கொண்டெல்லோ போட்டீங்கள்."

7

நான் சொன்னது போதாதாம். ஆள் ஒத்துக்கொண்டதால் அளவு சரியென்றாகாதாம். அந்தத் தும்மலை நான் திரும்பத் தும்ம வேண்டுமாம், பத்துத் தரம்.

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையைக் கழுவித் துடைத்தாள். ஆய்வுகூடத்திலிருந்து கேட்டு வாங்கிவந்த தட்டுகளை இரண்டடி தள்ளி வைத்தாள். ஒரு சின்னத் தராசும் வந்திருந்தது. நான் வெள்ளை உடுப்பும் தலைவலையுமாக நடுவில் நின்றேன். ஆரணி கொப்பியும் பென்சிலுமாகப் படியில் இருந்தாள். வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்கிற பிள்ளை. தகப்பனை வைத்துப் பரிசோதனை செய்யலாம் என்றதும் அவளுக்கு எந்த மொழியும் தடையாக இருக்கவில்லை.

"வேறை சாம்பல் வைச்சுச் செய்வமே?" என்றேன். "விறகுச் சாம்பல் எடுக்கலாம். மாமியின்ரை இது முடிஞ்சால்…"

பத்துக் கிள்ளு எடுத்தால் மாமி அனுப்பியதில் மிச்சமிருந்த பொட்டலமும் முடிந்துவிடும் என்று மூவருக்கும் தெரியும். யோகேஸ் அதைக் கையில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"வேறை சாம்பல் வைச்சால் வேறை விடைதான் வரும்" என்றாள். பொட்டலத்தை விரித்தாள். "கிள்ளுங்கோ."

பூசினேன். குனிந்தேன். தும்மல் வரவில்லை. வேண்டாத இடத்தில் வெடித்த தும்மல், வேண்டுகிற இடத்தில் வர மறுத்துவிட்டது. ஆரணி குசினிக்கு ஓடிப்போய் மிளகுத்தூள் போத்தலோடு வந்தாள். தள்ளிநின்று மோந்தால் போதும் என்று தாய் சொல்ல, மகள் மூக்குக்குக் கிட்டவே பிடித்துவிட்டாள்.

"அப்பா, வண் மோர்!"

"பிள்ளை, அப்பா செத்துப்போவன்."

"இன்னும் ஏழு இருக்கு, அப்பா." இது தமிழில்.

மத்தியானத்துக்குள் பத்தும் முடிந்தது. மூக்கு தக்காளிப்பழம்போல ஆகிவிட்டது. அடுத்தநாள் யோகேஸ் மேலேயுள்ள ஆய்வுகூடத்தில் அளந்தாள். நான் வாகனத்தரிப்பிடத்தில் என் பள்ளிக்கூட பஸ்ஸுக்குள் இருந்து, கடவுளே, குற்றவாளி நானாகவே இருக்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். அப்படி நேர்த்தி வைத்த முதற் குற்றவாளி நானாகத்தான் இருப்பேன். நான் இல்லையென்றால் அவளுடைய கோடு அல்லவா குற்றவாளி.

வெளியே வந்தாள். கையில் தாள்.

"பத்தும் பத்து விதமாய் இருக்கு" என்றாள். "ஒருக்கா நிறைய, ஒருக்காக் கொஞ்சம். அந்தத் தட்டு நடுவிலை வந்து நிக்குது. உங்கடை தும்மலைக் கழிச்சால் என்ரை கோட்டிலை வந்து இருக்குது."

"அப்ப கோடு சரியோ?"

"கோடு சரி."

பஸ்ஸின் படியில் இருந்துகொண்டு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பை அந்த ஊர் இன்னும் மறந்திருக்காது.

அறிக்கையில் எதையும் அவள் மறைக்கவில்லை. சாம்பலைக் கொண்டுவந்தவர் யார் என்ற இடத்தில் "எழுதியவரின் கணவர்" என்று போட்டாள். கூட்டத்தில் தலைவர் அதை வாசித்துவிட்டு, இது அவசியந்தானா என்று கேட்டாராம். "அவர்தானே தும்மினவர்" என்றாளாம். வந்த வெளியாட்கள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கே பாத்திர வேலை திரும்பத் தொடங்கியது. எனக்கு ஆயுட்காலத் தடை. இனி நிலத்துக்குக் கீழே நான் போகக்கூடாது. இவ்வளவு நல்ல தண்டனையை எந்த நாடும் எனக்குத் தந்ததில்லை.

8

ஒரு வேலை மிச்சமிருந்தது. அந்தப் பத்துத் தட்டுகளும் இனி ஆய்வுப் பொருள். மாதிரி அறையில் பத்திரமாக வைக்க வேண்டும். அதற்கொரு படிவம். இந்த நாட்டில் தூசிக்கும் படிவம் உண்டு. யோகேஸ் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்து நிரப்பினாள். பொருள்: சாம்பல். எடுத்தவர்: என் பேர். அளந்தவர்: தன் பேர். பெறப்பட்ட இடம்: அளவெட்டி, யாழ்ப்பாணம். இங்கிலீசு எழுத்தில் ஒவ்வொரு எழுத்தாக, அச்சுப்போல எழுதினாள்.

கடைசி வரியில் பேனை நின்றது. எட்டிப் பார்த்தேன். இதே பொருளை மீண்டும் பெற முடியுமா? ஓம் என்று ஒரு பெட்டி. இல்லை என்று ஒரு பெட்டி.

மாமா மாமியைப் பற்றி அதுவரை ஒரு தகவலும் இல்லை. கிழக்கே தென்மராட்சிப் பக்கம் அவர்களைக் கண்டதாக ஒருவர் சொன்னார். இல்லை, அது வேறு ஆட்கள் என்றார் இன்னொருவர்.

"ஓம் எண்டு போடும்" என்றேன். "ஆர் பாக்கப்போகினம்?"

"தெரியாததை எப்பிடிப் போடுறது?"

"அப்ப…" என்று தொடங்கினேன். மற்றச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. அவளும் அந்தப் பெட்டியின் பக்கம் பார்க்கவில்லை.

ஆரணியின் பள்ளிக்கூடப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தாள். இரண்டு பெட்டிகளுக்கும் பக்கத்தில், அதே அளவில், மூன்றாவதாக ஒரு பெட்டி கீறினாள். அதற்கு மேலே "இன்னும் தெரியாது" என்று எழுதினாள். அதில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மாதிரி அறையிலிருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பயத்தில் பக்கத்திலேயே நின்றேன். தங்கள் படிவத்தில் அப்படி ஒரு பெட்டி இல்லையே என்று அவள் கேட்பது எனக்கும் கேட்டது.

"இப்ப இருக்கு" என்றாள் யோகேஸ்.